“ஸ்பீக்கர் போயிடுச்சு சார்”: பழைய லேப்டாப்பில் சத்தக் கோளாறு, அறிகுறி வாரியாக

மாதத்துக்கு ஒரு லேப்டாப்பாவது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பெரும்பாலும் தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள். அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இப்போது வீட்டில் பாட்டு கேட்கவும் வகுப்பு பார்க்கவும் வைத்திருப்பவை. கொண்டுவருகிறவர்கள் சொல்லும் வாக்கியமும் மாறுவதே இல்லை: “ஸ்பீக்கர் போயிடுச்சு சார்.” பார்த்தால் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். சத்தம் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும், அல்லது ஹெட்போன் ஜாக் குழம்பிக் கிடக்கும்.

அடிக்கடி பார்த்ததை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாதது முதலில், கடை கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இந்த மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். மூன்றாவதற்கான பென்டிரைவ் தயாராக இருந்தால் கால் மணி நேரம்தான் ஆகும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒன்று, உங்கள் ஹெட்போனை ஒரு போனிலோ டிவியிலோ செருகிப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் லேப்டாப்பை விட்டுவிடலாம். புது ஹெட்போன் வாங்க வேண்டியதுதான்.

இரண்டு, லேப்டாப்பில் வேறு ஒரு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கினாலும் சரி.

மூன்று, பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக லேப்டாப்பை இயக்கும் இலவச லினக்ஸ் வகைகள்) ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கி ஒரு பாட்டு போடுங்கள். அங்கே சத்தம் நன்றாக வந்தால் கோளாறு விண்டோஸில். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம். அங்கேயும் அதே கோளாறு அப்படியே இருந்தால் அநேகமாக உறுப்பில்தான் பிரச்சினை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் விண்டோஸை மூன்று முறை அழித்துப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஜாக்கில் தூசி.

அறிகுறி 1: ஸ்பீக்கரிலும் இல்லை, ஹெட்போனிலும் இல்லை

மியூட் பட்டனைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய லேப்டாப்களில் எஃப்என் பட்டனோடு சேர்த்து அழுத்தும் மியூட் ஒன்று இருக்கும். குழந்தை ஒரு முறை தட்டியிருந்தால் போதும். சில மாடல்களில் மியூட் பட்டனிலேயே சின்ன விளக்கு எரியும்.

அடுத்து, சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10-இல் கீழே வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால், சத்த அளவுக் கோட்டுக்கு மேலே ஒரு பெயர் தெரியும். அங்கே டிவியின் பெயரோ எச்டிஎம்ஐ என்றோ இருந்தால் சத்தம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பெயரைத் தட்டி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 7 என்றால் அதே படத்தின் மேல் வலது கிளிக், ‘பிளேபேக் டிவைசஸ்’. அந்தப் பெட்டியின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ‘ஷோ டிசேபிள்டு டிவைசஸ்’ என்பதையும் டிக் செய்யுங்கள். யாராவது ஸ்பீக்கரை முடக்கி வைத்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

படம் போடும்போது மட்டும் சத்தம் இல்லை, விண்டோஸின் ‘டிங்’ மட்டும் வருகிறதா? வால்யூம் மிக்ஸரைத் திறந்து பாருங்கள். அந்தப் பிரவுசர் தனியாக மியூட் ஆகியிருக்கும். பிரவுசரின் அந்த ஒரு டேப் மட்டும் மியூட் ஆகியிருப்பதும் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை, ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பு பெருக்கல் குறி இருக்கிறது என்றால் இரண்டு வழி.

சத்தத்தைக் கவனிக்கும் சர்வீஸ் நின்றிருக்கலாம். ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் ஆடியோ’, ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்’ இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுங்கள்.

ஓடுகின்றன என்றால் டிரைவர், அதாவது சத்தச் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்’ கீழே ரியல்டெக், கோனெக்ஸன்ட், ஐடிடி என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். வலது கிளிக், ‘அன்இன்ஸ்டால்’, பிறகு ரீஸ்டார்ட். விண்டோஸ் தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் ‘அப்டேட் டிரைவர்’ வழியாகப் போய், கணினியில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலிலிருந்து ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பழைய லேப்டாப்பில் பல முறை என்னைக் காப்பாற்றியது இதுதான். எஃபெக்ட், ஈக்வலைசர் எல்லாம் போய்விடும், சத்தம் வரும்.

புது அப்டேட் வந்து சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்தால் அந்தக் காலத்து டிரைவர் கிடைக்கும். கிடைக்கும்போதே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். ‘உங்கள் டிரைவர்களை நாங்களே புதுப்பிக்கிறோம்’ என்று வரும் மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒரு கோளாறோடு போனால் மூன்றோடு திரும்புவீர்கள்.

டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரே இல்லை, லினக்ஸிலும் எதுவும் தெரியவில்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம்) ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் போர்டில் இருக்கும் சத்தச் சிப் போயிருக்கலாம். அதை மாற்றச் செலவு செய்யாதீர்கள். காரணம் கடைசியில்.

அறிகுறி 2: ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் வரவில்லை

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஹெட்போன் ஜாக்குக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. பின் உள்ளே போனதும் அது நகரும். அதைப் பார்த்துத்தான் லேப்டாப் ஸ்பீக்கரை அடக்குகிறது. பத்து வருடம் செருகி உருவினால் அந்தத் தகடு வளைந்துவிடும், அல்லது தூசியில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஹெட்போனை எடுத்துவிட்டாலும் ‘இன்னும் உள்ளேதான் இருக்கிறது’ என்று லேப்டாப் நம்பிக்கொண்டிருக்கும்.

இதை உறுதி செய்வது சுலபம். எதுவும் செருகாத நிலையில் சத்த அளவைத் தட்டிப் பாருங்கள். பல லேப்டாப்களில் அங்கே ‘ஹெட்போன்ஸ்’ என்றே காட்டும். 2010-ஐ ஒட்டிய மேக்புக் என்றால் இன்னும் சுலபம்: ஜாக்குக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். அந்த ஜாக்கிலேயே ஒளிவழிச் சத்தமும் வெளிவரும். தகடு சிக்கிக்கொண்டால் அந்த விளக்கு அணையாது.

என்ன செய்யலாம்?

ஹெட்போன் பின்னைச் சடசடவென்று இருபது முறை செருகி எடுங்கள். செருகிய நிலையில் இரண்டு பக்கமும் திருகுங்கள். அசட்டு வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் நிறைய லேப்டாப்கள் இந்தக் கட்டத்திலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன.

சரியாகவில்லையா? லேப்டாப்பை அணைத்துப் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஜாக்கைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். பல் இடுக்கு தேய்க்கும் மெல்லிய பிரஷில் லேசாக நனைத்து, ஜாக்குக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். சொட்டக் கூடாது. அரை மணி நேரம் காயவிட்டுப் போடுங்கள். ஊக்கு, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். தகடு இன்னும் வளையும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தவரும் ஒருவர் உண்டு. அந்த ஜாக்கை மாற்றவே வேண்டியதாகிவிட்டது.

லினக்ஸ் என்றால் தகடு கெட்டிருந்தாலும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் (alsamixer) என்ற கட்டளையைக் கொடுத்து, எஃப்6 அழுத்திச் சத்த அட்டையைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கம் நகர்ந்துகொண்டே போனால் ‘ஆட்டோ-மியூட் மோடு’ என்று ஒன்று வரும். அதை டிசேபிள் செய்யுங்கள். ‘ஸ்பீக்கர்’ என்ற தூணின் கீழே எம்எம் என்று இருந்தால் அது மியூட். எம் பட்டனை ஒரு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும். இனி ஜாக் என்ன நினைத்தாலும் ஸ்பீக்கர் பாடும். ஹெட்போன் போட்டாலும் ஸ்பீக்கர் பாடும் என்பதுதான் இதற்கு விலை.

விண்டோஸில் ரியல்டெக் மேனேஜர் இருந்தால், அதில் ஜாக்கைக் கண்டறிவதை அணைக்கும் தேர்வு இருக்கிறதா என்று துழாவிப் பாருங்கள். எல்லா மாடலிலும் இருக்காது.

இதே அறிகுறி, ஆனால் சமீபத்தில்தான் ஃபேன் சுத்தம் செய்யவோ கீபோர்டு மாற்றவோ கடைக்குப் போய் வந்தது என்றால் கதை வேறு. மூடும்போது ஸ்பீக்கர் ஒயரைச் செருக மறந்திருப்பார்கள், அல்லது ஒயர் திருகுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருக்கும். என் சொந்த லேப்டாப்பிலேயே இது நடந்தது. கொடுத்த கடைக்கே எடுத்துப் போனேன், ஐந்து நிமிடத்தில் செருகிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. நீங்களும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

கடைசியாக, உண்மையிலேயே ஸ்பீக்கர் போயிருக்கலாம். லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஸ்பீக்கர் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கரோ 8 ஓம் ஸ்பீக்கரோ, அதை ஒட்டிய ஒரு எண் காட்டினால் உயிரோடு இருக்கிறது. மீட்டர் இல்லையா, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. தொட்டபடியே வைத்திருக்காதீர்கள்.

அறிகுறி 3: ஸ்பீக்கரில் வருகிறது, ஹெட்போனில் வரவில்லை

பின் முழுதாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். தடித்த போன் கவருக்காகச் செய்த நீள முனைப் பின் எளிதில் போகும்; சில தடிப் பின்கள் லேப்டாப்பின் விளிம்பில் இடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்.

பழைய லேப்டாப்பில் இரண்டு துளை இருக்கும், ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று. படம் அழிந்துபோயிருந்தால் மைக் துளையில் செருகிவிட்டு மணிக்கணக்கில் தேடுவோம். நானும் தேடியிருக்கிறேன்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முன்பு உடைந்த பின்னின் நுனி உள்ளேயே தங்கியிருக்கலாம். பசை தடவிய குச்சியை விட்டு எடுக்கும் வித்தையை யாராவது சொல்வார்கள். பசை வழிந்தால் ஜாக் நிரந்தரமாக அடைபடும். கடைக்காரர் எடுக்கட்டும்.

ஜாக் இருக்கும் பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி துளையும் வேலை செய்யவில்லையா? இதைக் கட்டாயம் சோதியுங்கள். பல லேப்டாப்களில் ஜாக்கும் அந்தப் பக்கத்து யுஎஸ்பியும் தனியாக ஒரு குட்டிப் போர்டில் இருக்கும். அதிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு ரிப்பன், அதாவது தட்டையான ஒயர், போகும். இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் ரிப்பன் கழன்றிருக்கலாம் அல்லது குட்டிப் போர்டு போயிருக்கலாம். இரண்டுமே மாற்றச் சுலபமானவை. கடையில் இந்தத் தகவலை நீங்களே சொன்னால், ‘மதர்போர்டு பார்க்கணும்’ என்ற பேச்சு எழாது.

அறிகுறி 4: ஒரு காதில் மட்டும்

முதலில் இடது, வலது அளவைப் பாருங்கள். சவுண்ட் பெட்டியில் (அறிகுறி 1-இல் ‘பிளேபேக் டிவைசஸ்’ கொடுத்ததும் திறந்த அதே பெட்டி) ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, ‘பிராப்பர்டீஸ்’, ‘லெவல்ஸ்’, ‘பேலன்ஸ்’. ஒன்று பூஜ்ஜியத்தில் இருந்தால் ஏற்றுங்கள்.

அது சரியாக இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு ஒயர்தான். பாட்டு ஓடும்போதே பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை மெதுவாக வளையுங்கள். வந்து வந்து போனால் அங்கே உள்ளே அறுந்திருக்கிறது. பின்னை அசைத்தால் மட்டும் வந்து போகிறது, ஹெட்போன் வேறு போனில் நன்றாகவே பாடுகிறது என்றால் ஜாக்கின் ஈயம் விட்டுப்போயிருக்கும். சால்டரிங் தெரிந்த கடையில் அரை மணி நேர வேலை. திறக்கும் நேரம்தான் அதிகம்.

அறிகுறி 5: இசை கேட்கிறது, பாடுகிறவர் குரலைக் காணோம்

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, “அண்ணா, எல்லாப் பாட்டும் கரோக்கி ஆயிடுச்சு” என்றாள். வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் எல்லாம் ஓட்டிவிட்டு வந்திருந்தாள்.

பின்னைப் பாருங்கள். போன் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், மைக்குக்கும் சேர்த்து. சாதாரண ஹெட்போனில் இரண்டு. இரண்டு துளை உள்ள பழைய லேப்டாப் இரண்டு வளையத்துக்காகச் செய்தது. மூன்று வளையப் பின்னைப் போட்டால், சில லேப்டாப்களில் இரண்டு காதுக்கும் பொதுவான தரைக்கம்பி (கிரவுண்ட்) சேர வேண்டிய இடத்தில் மைக் கம்பி சேர்ந்துவிடும். அப்போது இரண்டு காதுக்கும் பொதுவாக வருவது தொலைந்துபோகும். பாட்டில் பொதுவாக வருவது குரல்தானே.

உறுதி செய்ய, ஹெட்செட் ஒயரில் இருக்கும், போன் அழைப்பை எடுக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் இதுதான். பின்னை ஒரு இழை வெளியே இழுத்தாலும் வரும், ஆனால் நிற்காது. ஒரு பக்கம் மூன்று வளையத் துளையும் மறுபக்கம் பச்சை, ரோஸ் பின்களும் உள்ள ஒய் வடிவ ஒயர் வாங்கிப் போடுங்கள். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அந்த ஒயரைப் போட்டால் மைக்கும் வேலை செய்யும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

லேப்டாப் புதியது, ஹெட்செட்தான் ரொம்பப் பழைய போனோடு வந்தது என்றாலும் இதே கூத்து நடக்கும். அந்தக் காலத்தில் மைக்கும் தரையும் இடம் மாறிய வகை ஒன்று இருந்தது.

அறிகுறி 6: கரகரப்பு, விட்டு விட்டு வருவது

ஸ்பீக்கரில் மட்டும் கரகரக்கிறதா, ஹெட்போனிலுமா?

ஸ்பீக்கரில் மட்டும், அதுவும் தவில் அடி, பறை அடி வரும்போது மட்டும் பிய்கிறது என்றால் ஸ்பீக்கர் தாள் கிழிந்திருக்கலாம், அல்லது உள்ளே இரும்புத் துகள் ஏதாவது ஒட்டியிருக்கலாம். அளவைப் பாதிக்குக் கீழே குறைத்துப் பாருங்கள். அப்போது தெளிவாக இருந்தால் அப்படியே ஓட்டலாம். மாடல் எண் சொன்னால் ஸ்பீக்கர் ஜோடியாகக் கிடைக்கும்.

இரண்டிலும் கரகரக்கிறது என்றால், சவுண்ட் பெட்டியில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ முழுவதையும் அணையுங்கள். பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ பட்டியலில் 24 பிட் 48000 ஹெர்ட்ஸ் அல்லது 16 பிட் 44100 ஹெர்ட்ஸ், இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பாட்டு நடுவில் ‘டக் டக்’ என்று விக்குகிறது, அதே நேரம் மவுஸும் திணறுகிறது என்றால் அது சத்தக் கோளாறே கிடையாது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். டிஸ்க் அப்படி நிற்கவில்லை என்றால் வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். விக்கல் நின்றால் வைஃபை டிரைவரை மாற்றுங்கள்.

அறிகுறி 7: சார்ஜர் போட்டால் ‘உம்ம்’ என்று இரைச்சல்

சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் லேப்டாப்பில் குறை தேட வேண்டாம். சார்ஜரை வேறு பிளக்கில், முடிந்தால் வேறு அறையில் போடுங்கள். வெளி ஸ்பீக்கர் அல்லது ஆம்ப்ளிஃபயர் இணைத்திருந்தால் அதையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து கொடுங்கள். பல நேரம் அதிலேயே அடங்கும். ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று ஒரு சின்னக் குழாய் மாதிரி விற்பார்கள், ஒயருக்கு நடுவில் போடுவது, அதுவும் உதவும். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை உடைத்தால் இரைச்சல் போகும் என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். அது எர்த். உயிர் விஷயம்.

டூப்ளிகேட் சார்ஜர் வாங்கிய பிறகுதான் இரைச்சல் தொடங்கியது என்றால் நல்ல சார்ஜர் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் மேல் கை வைத்தால் சுரீர் என்கிறதா, அந்தச் சார்ஜரை அன்றே ஓரங்கட்டுங்கள்.

அறிகுறி 8: ப்ளூடூத்தில் ‘பழைய போன்’ மாதிரி சத்தம்

மீட்டிங்கில் சேர்ந்ததும் சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிறதா? ப்ளூடூத் மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது, பாட்டுக்கான தரத்தை விட்டுப் பேச்சுக்கான தரத்துக்கு இறங்கிவிடும். மீட்டிங் செயலியின் அமைப்பில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் மைக்குக்கு மாற்றுங்கள். வெளியீட்டுப் பட்டியலில் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் இருந்தால் ‘ஸ்டீரியோ’ என்றதை எடுங்கள், ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்றதை விடுங்கள்.

விட்டு விட்டு வந்தால் வைஃபையோடு முட்டுகிறது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ரூட்டரிலும் லேப்டாப்பிலும் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

மீட்டிங் வந்தால் பாட்டு தானாகத் தணிந்துவிடுகிறது என்றும் கேட்பார்கள். சவுண்ட் பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி இருக்கும். ‘டூ நத்திங்’ வையுங்கள். அவ்வளவுதான்.

கடைக்கு எப்போது, எதற்கு

ரிப்பன், குட்டிப் போர்டு, ஜாக், ஸ்பீக்கர் ஜோடி: இவற்றுக்குப் போகலாம். போர்டின் சத்தச் சிப்புக்குப் போகாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது, கட்டைவிரல் அளவுதான். செருகியதும் விண்டோஸும் லினக்ஸும் டிரைவர் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதில் ஹெட்போன் துளையும் மைக் துளையும் இருக்கும். உள் ஸ்பீக்கர் பாடாது, ஆனால் ஒரு சின்ன வெளி ஸ்பீக்கர் வைத்தால் அதைவிட நன்றாகவே கேட்கும்.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். டச்பேட் மேலே தூக்கியிருக்கும், அடிப்பக்கம் தரையில் சமமாக உட்காராது. அணைத்துவிட்டுச் சார்ஜரையும் எடுத்துவிட்டு நேராகக் கடை.

கொடுக்கும்போது “சத்தம் வரல” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்: ‘ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் இல்லை. லினக்ஸிலும் அப்படியே. ஜாக் பக்கத்து யுஎஸ்பி வேலை செய்கிறது.’ சரிசெய்து தரும்போது, அங்கேயே ஒரு பாட்டு போட்டு, ஹெட்போனைச் செருகி, எடுத்து, மறுபடி ஸ்பீக்கரில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.